வாய்க்காலுக்கு அந்தாண்டை மண்

ஈரக் களிமண்ணைப் பிசைந்தால் எழுகிற வாசனை, கொஞ்சம் வைக்கோலும் கொஞ்சம் பாசியும் கலந்தது, நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு வாரம் முழுக்க நிறைத்திருந்தது. பள்ளிக் கண்காட்சிக்கு, அந்தந்த ஊர் மண்ணைக் கொண்டே மரத்தட்டில் புதுவையின் வரைபடம் செய்வதாக வீம்பாக ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் பரிசு ஒரு பெரிய உலக அட்லஸ். பள்ளி அலமாரிக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, அது என்னுடையதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் புதுவை வரைபடம் லேசில் வசப்படாது. துண்டு துண்டாகக் கிடக்கும். நடுநடுவே தமிழ்நாட்டின் கடலூரும் விழுப்புரமும் நுழைந்திருக்கும். கடற்கரை மணலும் காலாப்பட்டுச் செம்மண்ணும் சுலபமாகக் கிடைத்தன. ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல்லும் கரும்பும் விளைகிற, நகரத்துக்கே சோறு போடுகிற பாகூர் மண்தான் முக்கியம். அங்கே அம்மாவின் அண்ணன் சூசை மாமாவுக்குக் கழனி இருந்தது. அப்பா ஸ்கூட்டரில் போய் ஒரு வாளி அள்ளி வந்தார்.

கண்காட்சி வருவதற்குள் மண்ணில் உதிர்ந்து கிடந்த நெல் முளைத்துவிட்டது. தட்டில் பாகூர் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றதைப் பார்த்து, எங்களுக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரி சிஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முதல் பரிசு உனக்குத்தான் என்று அவர் என் காதோடு சொன்ன நேரம் பார்த்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு தன் மண்ணைப் பார்க்க வந்து சேர்ந்தார் சூசை மாமா. எதையும் மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

"பாகூர் கழனியில பயிரு நிக்குது சிஸ்டர். அதான் வாய்க்காலுக்கு அந்தாண்ட, அறுத்த எங்க இன்னொரு கழனியில அள்ளிக்கச் சொன்னேன். அது கடலூர் ஜில்லா."

அவ்வளவுதான், அட்லஸ் போயிற்று. இரண்டாம் பரிசாக ஒரு டிபன் டப்பா கொடுத்தார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மாமா எத்தனையோ முறை சொல்லியும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, அந்தத் தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பாகூர் பஸ்ஸில் போய்விட்டார்.

பொங்கலுக்கு வந்தவர் ஒரு சின்னத் துணிப்பையை என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு கைப்பிடி நெல். தட்டில் முளைத்த நாற்றைப் பாகூர்க் கழனியின் மூலையில் நட்டு, தனியாக அறுத்து எடுத்து வந்திருக்கிறார்.

"இது பாகூர்ல வெளஞ்சது பாப்பா. சிஸ்டர்கிட்ட காட்டு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த நெல்லைச் சிஸ்டரிடம் காட்டவில்லை. கொடுக்க மனம் வராமல் நானே வைத்துக்கொண்டேன்.

மாமா இப்போது இல்லை. பாகூர்ப் பக்கத்துக் கழனி மனைகளாகி மாடி வீடுகள் வந்துவிட்டன. வாய்க்காலுக்கு அந்தாண்டைக் கழனி மட்டும் இன்னும் விளைகிறது. வருஷா வருஷம் மாமாவின் மகன் அங்கிருந்து ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறான், நாங்களும் வயிறார, மனசாரச் சாப்பிடுகிறோம். எந்த ஊர் அரிசி இது என்று விருந்தாளிகள் கேட்டால் பாகூர் அரிசி என்று கொஞ்சமும் கூசாமல் சொல்கிறேன். மாமா இருந்திருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார்.