போடாமல் வைத்த ஒரு மதிப்பெண்

"மாமா போய்ட்டாரும்மா" என்று என் மகள் சுதா ஆம்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேலூரில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி கேட்டேன். மேடைமேல் இரண்டு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். சுதாவின் மாமனார், என் சம்பந்தி தனபால், ஞாயிறுதோறும் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர். உடல்நலம் கெட்டு அவர் வருவது நின்ற பிறகும் என் கை இரண்டு டம்ளர்களையே எடுத்துக்கொண்டிருந்தது. சில வாரங்களாக நான் ஆம்பூரில் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு வரலாம் என்று முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன். ஒரு டம்ளரை அலமாரியில் வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அவரோடு தோல் கம்பெனியில் வேலை செய்த நண்பர்கள் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். அவர் நேர்மையானவர், உதவி செய்கிறவர் என்பதை மற்றவர்கள் எழுதட்டும். நான் அவருடைய கடி ஜோக்குகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களில் கடிபடாதவர் யாரும் இல்லை. ஆனால் அவற்றைத் திருத்தி மதிப்பெண் போட்டவள் நான் ஒருத்திதான்.

அவரை முதலில் பார்த்தது, சுதாவைப் பெண் பார்க்க அவர் குடும்பத்தோடு வந்த அன்று. என் கணவர் தயங்கித் தயங்கி, "நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார். கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தனபால் மட்டும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்.

"என் பேரு தனபால். பேர்லயே தனம் இருக்குது, பாலும் இருக்குது. அதனால வரதட்சணையும் வேணாம், பாலும் வேணாம். வெறும் டிகாஷன் குடுங்க, போதும்."

என் கணவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கான்வென்ட்டில் படித்த எனக்கு, முக்கியமான பேச்சை முக்கியமாகப் பேச வேண்டும் என்பது கட்டளை. "கல்யாணப் பேச்சில் சம்பந்தம் இல்லாமல் பேசுகிறாரே" என்று கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. "சம்பந்தம் இல்லாம பேசறதாலதாங்க சம்பந்தம் பண்ண வந்திருக்கேன்" என்றார். அவர் மனைவி சரோஜா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் கேட்டபடியே பாலில்லாத டிகாஷனைக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார். வரதட்சணை என்ற சொல் அதன் பிறகு எங்கள் இரு வீடுகளிலும் எழவே இல்லை. அதைச் சொல்லில் விளையாடியே முடித்துவிட்டார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போனோம். பதப்படுத்திய தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஜன்னல் ஓரத்து நீள மேசையில் ஒவ்வொரு தோலாக விரித்து, உள்ளங்கையால் தடவி, இது முதல் ரகம், இது இரண்டாவது, இது ரிஜெக்ட் என்று ஒதுக்கிக்கொண்டே போனார். நாங்கள் நின்ற அவ்வளவு நேரமும் ஒரு கடி கூட வரவில்லை. "என்ன சம்பந்தி, இங்கே மௌன விரதமா?" என்று என் கணவர் கேட்டார். "இங்க நான் தப்பு பண்ணா ஷூ கிழியும். வெளிய தப்பு பண்ணா உங்க காதுதான கிழியும்" என்றார். அன்றுதான் அவரும் என்னைப்போலக் கறாரான ஆள் என்று கண்டுகொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

என் கணவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்தன்று, உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னை எங்கே வைப்பது என்று பேசினார்கள். "தனியா எப்படி இருப்பாங்க?" "சுதா கூட்டிட்டுப் போகட்டும்." "அங்க ஒரு ரூம ஒழிச்சாப் போதும்." நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. பண்டிகைக்குப் போனாலும் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவேன். ஆனால் அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பதினாறு நாளாக நான் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கவில்லை.

தனபால் தொண்டையைச் செருமினார். "இன்னாப்பா நீங்களே பேசிகினு இருக்கீங்க? அவங்களைக் கேளுங்க. ஆம்னா ஆம்பூரு. வேணாம்னா வேலூரு."

துக்க வீட்டில் கடியா என்று எல்லோரும் அவரை முறைத்தார்கள். அவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலூர்" என்றேன். பிறகு, "நூற்றுக்குப் பதினொன்று" என்றேன்.

"பதினொண்ணுதானா? ரொம்ப கம்மிம்மா" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் என் வீட்டிலேயே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தனபால். கையில் சரோஜா கொடுத்தனுப்பிய குழம்புத் தூக்கு. "சம்பந்தியம்மா, சப்ளிமெண்டரி எழுத வந்திருக்கேன். பாஸ் மார்க்கு எவ்ளோ?"

"முப்பத்தைந்து. அதற்குக் கீழே போனால் தோல்வி."

"தோல் கம்பெனிக்காரன் கிட்ட தோல்வி இல்லாம இருக்குமா?"

நான் சர்க்கரை எடுப்பதுபோலச் சமையலறைக்குள் போனேன். முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து, முப்பத்து நான்கு போட்டேன். அந்த உயரத்தை அவர் பிறகும் சில முறை எட்டினார். தாண்டியதே இல்லை.

இப்படித்தான் எங்கள் ஞாயிறுகள் நடந்தன. "ஒரு வியாதிய இன்னொரு வியாதியா மாத்தறதாலதான் அதுக்கு மாத்திரைன்னு பேரு" என்றதற்கு இருபத்தெட்டு. கோடையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது வேலூர் இல்லம்மா, வெயிலூர்" என்றதற்கு ஐந்துதான். ஊரே சொல்வதைத் திருப்பிச் சொன்னால் காப்பி அடித்ததாகத்தானே கணக்கு? எங்கள் பள்ளி சிஸ்டர் மைக்கறை பட்டால்கூட மதிப்பெண் குறைப்பார். நான் அவரிடம் படித்தவள். தனபால் ஒருமுறையும் கோபித்துக்கொள்ளவில்லை. "நாள் முழுக்க நான் மத்தத பிரிச்சிகினு இருக்கேன். என்னையும் ஒருத்தர் பிரிக்க வேணாமா?" என்பார். சரோஜா என்னிடம் தொலைபேசியில், "நாப்பது வருஷமா நான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது எனக்கு லீவு குடுத்தீங்களே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

கடி சொல்லும்போது அவர் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் குனிந்து பார்ப்பார். எரியாத பல்பைக் கழற்றுவார். மேசைமேல் கிடக்கும் மாத்திரை அட்டையில் எத்தனை காலியாகியிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். அத்தனை ஆண்டுகளில் "எப்படி இருக்கீங்க?" என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன். தனியாக இருக்கும் ஒரு பிடிவாதக்காரியைப் பார்த்துக்கொள்ள, அவளைத் தேர்வு அதிகாரியாக்கிவிட்டுத் தாம் மாணவராக வந்து நின்றார். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஸ் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "வந்து கொஞ்ச நாள் இரும்மா" என்று சுதா கெஞ்சினாள். காலையில் வந்து பார்த்துவிட்டு மாலையில் திரும்புவேன், தங்க மாட்டேன் என்றேன். அன்று சாயங்காலமே அவர் அழைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு விட்டுக்கொண்டு பேசினார்.

"சம்பந்தியம்மா, எக்ஸாம் சென்டர மாத்திட்டாங்க. இனிமே ஆம்பூர்தான்."

"யார் மாற்றியது?"

"போர்டு. எக்ஸாமினர் சென்டர்லயே தங்கணுமாம். அது ரூலு. நான் இன்னா பண்ண முடியும்?"

விதி என்றால் விதிதான். பெட்டியை எடுத்தேன்.

ஆம்பூரில் எனக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, மேசைமேல் ஒரு சிவப்புப் பேனா வைத்திருந்தார்கள். அவர் சொல்லி வைத்தது. மகள் வீட்டில் அண்டிக்கிடக்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. நான் பணியின் நிமித்தம் வந்திருந்தேன். அந்த வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன், சரோஜாவோடு மாற்றி மாற்றி அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். அவருடைய கடிகள் நாளுக்கு நாள் குட்டையாகி, ஒற்றைச் சொல்லாயின. நான் மதிப்பெண்ணைக் கூட்டவில்லை. கூட்டினால் அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் கண்ணை மூடியிருந்தவர் திறந்து பார்த்தார். "இப்பவாவது அந்த ஒரு மார்க்கு போட்டு பாஸ் பண்ணி விடக் கூடாதா?"

"பாஸ் போட்டால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடுவீர்கள். இன்னும் கொஞ்ச நாள் படியுங்கள்" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. பயந்து சரோஜாவைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியதும் மனைவியிடம் என்னைக் காட்டி, "கேட்டியா சரோஜா? அம்மா கடிக்கிறாங்க" என்றார். பிறகு என்னிடம் விரலை நீட்டினார். "நாப்பது. மொத தடவையே பாஸு."

அவரைத் தரம் பிரித்தவளை அவர் தரம் பிரித்தது அந்த ஒருமுறைதான். வாழ்க்கையில் நான் வாங்கிய மதிப்பெண்களில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அவரை எடுத்துப் போன அன்று, அவரோடு அதே மேசையில் நின்று வேலை செய்த ரஹீம் பாய் வாசலில் நின்று அழுதார். "தினம் பேஜார் பண்ணுவான் இந்த ஆளு. இனிமே எங்களை பேஜார் பண்ண யாரு இருக்கா?" என்றார். சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்திருக்கும்.

வேலூருக்குத் திரும்பிவிட்டேன். சரோஜாவுக்குத் துணையாக அவ்வப்போது ஆம்பூர் போய்த் தங்குகிறேன். சென்டரை யாரும் மாற்றவில்லை என்பதால் விதி அப்படியே இருக்கிறது.

போன ஞாயிறு கேட் சத்தம் கேட்டது. என் மருமகன் கதிர். பெற்ற தகப்பனே 'இவனுக்குச் சிரிக்க வராது' என்று குறைப்பட்டுக்கொண்ட பிள்ளை. கையில் குழம்புத் தூக்கு. உட்காராமல் நின்றுகொண்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்:

"அத்தை, ட்ரெயின்ல வந்தேன். காட்பாடின்னு பேருதான். ஸ்டேஷன்ல ஒருத்தர் கூட பாடல."

"ஒன்பது" என்றேன்.

"அப்பாவுக்கு மொத தடவை எவ்ளோ போட்டீங்க?"

"பதினொன்று."

"அப்போ பக்கத்துலதான் இருக்கேன்" என்றார். பேசிக்கொண்டே சமையலறைக்குள் போய், குனிந்து அடுப்பின் ரப்பர் குழாயைப் பார்த்தார். நான் இரண்டாவது டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் திரும்பினார். "அப்பாவுக்குப் போடாம வெச்சிருந்தீங்களே அந்த ஒரு மார்க்கு, அதை எனக்காவது சேத்துப் போடக் கூடாதா அத்தை?"

முடியாது என்றேன். அது தனபாலுடையது. என்னிடம் இருக்கிறது.