மண்டோர் தங்கையாவின் முன்கூட்டிய ஓய்வு

தேயிலைக் காட்டில் முப்பத்தாறு வருஷம் கிடந்தவனுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்பது தங்கையாவின் கட்சி. கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தே மழை என்றைக்கு வரும் என்பார். ஆள் நடந்து வரும் தினுசைப் பார்த்தே நேற்று எத்தனை போத்தல் உள்ளே போனது என்பார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் பள்ளிக்கூடத்தை விட்டதாகச் சொல்லிக்கொள்வார். உர மூட்டை தூக்கப் போனவர், ஏறி ஏறி மண்டோர் ஆனார். மண்டோர் என்றால் காட்டில் ஆள்களை வேலை வாங்குகிறவர். அந்தக் காலத்துக் கங்காணிக்குப் பேரன் முறை. அவருக்குக் கீழே வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியன் என்று எண்பது பேர். நாலு பாஷையில் திட்டுவார். ஒரு பாஷையிலும் பாராட்டியதில்லை.

இப்படிப்பட்ட மனுஷருக்கு ஐம்பத்தைந்து நெருங்கும்போது ஓர் ஆசை வந்தது. அறுபது வரைக்கும் மாடு மாதிரி எதற்கு உழைக்க வேண்டும்? ஐம்பத்தைந்தில் இபிஎப், அதாவது சேமநிதிப் பணம், மொத்தமும் கைக்கு வரும். எடுத்துக்கொண்டு துரை மாதிரி உட்கார்ந்துவிட்டால் என்ன?

இந்த நேரம் பார்த்து பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ‘முன்கூட்டியே ஓய்வு பெறுவது எப்படி’ என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். அனுமதி இலவசம், மத்தியானச் சாப்பாடும் உண்டு. இலவசம் என்றால் தங்கையாவுக்கு முதல் வரிசைதான். கோலாலம்பூரிலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், பணத்தையும் தயார் பண்ண வேண்டும், மனசையும் தயார் பண்ண வேண்டும் என்றார். மூன்று மாதம் பாதிச் சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள் என்றார். சும்மா இருக்கப் பழகுங்கள் என்றார். கடைசியில், “இதைப் பற்றி வீட்டில் மனைவியோடு கலந்து பேசியவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார்.

தங்கையா முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அம்சவல்லியிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? முப்பத்திரண்டு வருஷமாக அவர் சொன்னார், அவள் கேட்டாள். அதுவே பேசின மாதிரிதான்.

ஆனால் கோட்டுக்காரருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் தங்கையாவுக்குத் தெரியும். எஸ்டேட் கட்டித் தந்த லைன் வீடு நம் வீடு இல்லை. செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பட்டியலில், பெயர் இருக்கிறவரைக்கும்தான் கூரை. பெயர் அடித்த அறுபதாம் நாள் சட்டி பானையோடு கீழே இறங்க வேண்டும். எத்தனையோ பெரிய மண்டோர்கள் மாலை போட்டுக்கொண்டு படம் பிடித்துவிட்டு, மறுமாதம் லோரியில் கட்டிலோடு உட்கார்ந்து போனதைத் தங்கையா பார்த்திருக்கிறார். அவருக்கு அந்தக் கதி வராது. ஏனென்றால் அம்சவல்லி தொழிற்சாலையில் தேயிலைப் பொட்டலம் கட்டுகிறாள். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. வீட்டை அவள் பெயருக்கு மாற்றிவிட்டால் அவள் அறுபது வரைக்கும், இன்னும் முழுசாக ஏழு வருஷம், அசைக்க ஆள் கிடையாது. அவள் வேலைக்குப் போவாள், அவர் ஓய்வெடுப்பார். இதைவிட நல்ல திட்டத்தைக் கோலாலம்பூர்க்காரன் கோட்டைக் கழற்றிவிட்டு யோசித்தாலும் போட முடியாது.

ஒத்திகை தொடங்கியது. பாதிச் சம்பளம் என்றால் முதலில் மீனில் பாதி குறைந்தது, அப்புறம் கறியில் குறைந்தது, அப்புறம் அம்சவல்லி ஈப்போவில் இருக்கும் மகள் யுவனேஸ்வரியைப் பார்க்கப் போகும் பஸ் காசில் குறைந்தது. ரிங்லெட்டில் அவர் சனிக்கிழமை குடிக்கும் பீரில் மட்டும் குறையவில்லை. அது மனசைத் தயார் பண்ணுகிற செலவு, பணத்துக் கணக்கில் வராது.

சும்மா இருக்கும் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. வாசலில் நாற்காலி போட்டு, கையைக் கட்டி, மலையில் பனி இறங்குவதைப் பார்த்தார். பதினைந்து நிமிஷம் தாங்கியது. பிறகு எதிர்ச் சரிவில் ஒரு நேப்பாளி தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ செடி வெட்டுவது கண்ணில் பட்டுவிட்டது. “டேய், கத்திய அப்படியா புடிக்கிறது!” என்று இங்கிருந்தே கத்தினார். அவன் இவருடைய ஆளும் இல்லை, அது எஸ்டேட் செடியும் இல்லை.

அந்த மாதம் மாரியம்மன் கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து விஷயத்தை ஊருக்குச் சொன்னார். “நான் பென்சன் போறேன்லா! உக்காந்து சாப்பிடப் போறேன். நம்ம லைன்ல எவனுக்காச்சும் இந்தத் தைரியம் இருக்கா?” யாருக்கும் இல்லை. கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தனக்குக் கீழே வேலை பார்த்த சசிதரனை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, “எனக்கப்புறம் இவன்தான் மண்டோர்” என்று பட்டாபிஷேகமும் நடத்திவிட்டார். சசிதரன் மறுநாளே எஸ்டேட் மேனேஜர் துரையைப் போய்ப் பார்த்தான். புத்தியுள்ள பையன்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவல்லியும் கை தட்டினாள். அதைத் தங்கையா மேடையிலிருந்து பார்த்தார். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, மகள் கைத்தொலைபேசியில் எழுதி அனுப்பிய ராஜினாமாக் கடிதத்தை அச்சடித்துக்கொண்டு, சலவைச் சட்டையோடு ஆபீசுக்குப் போனார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி குகனேஸ்வரன் கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான்.

“அண்ணே, நீங்களுமா?”

“நீங்களுமான்னா? வேற எவன் போறான்?”

“அக்கா வியாழக்கிழமையே குடுத்துட்டாங்களே.”

“எந்த அக்கா?”

“உங்க வீட்டு அக்காதாண்ணே. அம்சவல்லி அக்கா.”

தங்கையா சிரித்தார். படித்த பயல்கள் எப்போதும் ஃபைலை மாற்றி எடுப்பார்கள். “தம்பி, அவளுக்கு அம்பத்திமூணு. அவ எப்படி இபிஎப் எடுப்பா? சரியா பாருலா.”

குகனேஸ்வரன் ஓர் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, நகலை எடுத்து மேசை மேல் திருப்பி வைத்தான். அம்சவல்லியின் படம். பக்கத்தில் எண். ஐ.சி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம் என்று மலேசியாவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எழுபது என்று இருந்தது. அடுத்த இரண்டு இலக்கம் மாதம், மார்ச். தங்கையா அதே எழுபதில் நவம்பர்.

“உங்களைவிட அக்கா எட்டு மாசம் மூத்தவங்கண்ணே,” என்றான் கிராணி, மெதுவாக. “பணத்தையும் எடுத்துட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் போனா வீட்ட ஒப்படைக்கணும். அறுபது நாள்.”

கொழுந்தைக் கிள்ளி மழையைச் சொன்ன மனுஷர், கட்டினவளின் வயதை முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் கிராணி மேசையில் படித்தார். கடிதத்தை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் அம்சவல்லி, மாதக் கடைசிவரை பாக்கியிருந்த வேலைக்குப் போய் வந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வயச ஏன்டி மறைச்ச?”

“நான் எங்க மறைச்சேன்? எங்கப்பா உங்கப்பாகிட்ட ரெண்டு வயசு கொறைச்சுச் சொன்னாரு. மாப்பிள்ளையைவிட பொண்ணு மூப்புன்னா சம்பந்தம் நிக்குமா? உங்கம்மாவுக்குக்கூடத் தெரியும். ஐ.சி. அலமாரியிலதான் கெடக்கு. என்னைக்காச்சும் எடுத்துப் பாத்தீங்களா? பொறந்தநாளு எப்பன்னு கேட்டீங்களா?”

“அத விடு. வேலைய விடறத எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்கிட்ட சொன்னீங்களா? மைக்குல சொன்னீங்க. நானும் ஊரோட ஊரா கேட்டுக்கிட்டேன்.”

நாலு பாஷையில் திட்டுகிற தங்கையா சுருதியை இறக்கினார். “அம்சா, வீடு போயிடும்லா. லெட்டர திருப்பி வாங்கிடு. இன்னும் அஞ்சு வருஷந்தான்.”

“அந்த அஞ்சு வருஷத்த நீங்க பாருங்களேன்.” தைல போத்தலை மூடினாள். “இருவது வருஷம் கூடைய சொமந்து மேட்டுல ஏறினேன். அப்புறம் தொழிற்சாலையில காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் நின்ன கால்ல நிக்கிறேன். வந்து உங்களுக்கு ஆக்கிப் போடறேன். நீங்க ஒரு எடத்துல வேலைய விட்டா உக்காந்துடுவீங்க. நான் ஒரு எடத்துல விட்டாலும் இன்னொரு எடத்துல பாதி வேலை இருக்கு. நான் லெட்டர வாங்க மாட்டேன்.”

“அப்ப தெருவுல நிக்கிறதா?”

“ஏன், யுவனேஸ்வரி கூப்பிடறாளே. ஈப்போவுல அவ வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்கு.”

ஈப்போவா? பதினோராவது மாடியில், அந்த வெக்கையில், மருமகன் காற்றாடியின் வேகத்தைக் கூட்டட்டும் குறைக்கட்டும் என்று காத்துக்கொண்டா? தங்கையா இந்தக் குளிரில் பிறந்தவர். கீழே தாப்பாவுக்கு இறங்கினாலே சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறவர். இந்த லைன் வீட்டைவிட்டால், நடந்து போகும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்ல எந்த ஊரில் ஆள் இருக்கிறது? அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. அம்சவல்லி நன்றாகத் தூங்கினாள்.

விடிந்ததும் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றார். குகனேஸ்வரன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். இன்னும் முத்திரை குத்தவில்லை.

“ஆனா மண்டோர் வேலைய ஒண்ணாந்தேதியிலருந்து சசிதரனுக்குக் குடுத்துத் துரை கையெழுத்துப் போட்டுட்டாருண்ணே. நீங்கதானே மேடையில ஏத்தினீங்க.”

“அப்ப என்னை என்ன செய்யச் சொல்ற?”

“டீ ஹவுஸ்ல டூரிஸ்ட்டுங்க காரு காடி நிறுத்துற எடத்துக்கு ஒரு ஆள் வேணும். சம்பளம் கொஞ்சம் கம்மி. பேரு செக்ரோல்ல இருக்கும், வீடும் இருக்கும்.”

“எண்பது பேர மேய்ச்சவன்லா நான்!”

“சனி ஞாயிறுல எரநூறு காடி வரும்ணே. அதையும் மேய்ங்க.”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கதை மாறிவிட்டது. துரை கையைப் பிடித்துக் கெஞ்சினாராம். தங்கையா, நீ போய்விட்டால் இந்த எஸ்டேட்டே ஒரு மாதிரி ஆகிவிடும் என்றாராம். சுற்றுப்பயணிகளைச் சமாளிக்க வேறு ஆளே கிடைக்கவில்லையாம். லைனில் எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பவர்களுக்குக் காசா பணமா? கிராணியின் தம்பிதான் லைனில் முடிதிருத்துகிறவன். அவர் கதைக்கு முன்னாலேயே உண்மை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒண்ணாந்தேதிக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை. தங்கையாவுக்குப் பச்சை மின்னும் சட்டை, கழுத்தில் விசில். டீ ஹவுஸ் என்பது தேயிலைச் சரிவின் விளிம்பில் கண்ணாடி வைத்துக் கட்டிய கடை. அந்தச் சரிவில் பறித்த இலையை அங்கே ஒரு கோப்பையில் போட்டு, காட்டில் ஓர் ஆளின் ஒருமணிநேரச் சம்பளத்தைவிடக் கூடுதலாக விற்பார்கள். எஸ்டேட் ஜனங்கள் யாரும் அதில் உட்கார்ந்து குடித்து அவர் பார்த்ததில்லை. காலையிலிருந்து கார்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. தங்கையாவின் சொல்லை ஒரு காரும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு வெள்ளை மைவி கார் வந்து நின்றது. ஓட்டியவள் அடுத்த வீட்டுக் குமுதா. பக்கத்தில் குளிர்சட்டையும் கைப்பையுமாக அம்சவல்லி.

குமுதா கண்ணாடியை இறக்கினாள். “அண்ணே, எங்க போடறது?”

“நீங்க எங்க இங்க?”

“டீ குடிக்க,” என்றாள் அம்சவல்லி. “முப்பது வருஷமா பறிச்சேன், பொட்டலம் கட்டினேன். இங்க உக்காந்து ஒரு தடவ குடிச்சுப் பாக்கலாம்னு வந்தேன்.”

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. தங்கையா சுற்றிப் பார்த்தார். காலி இடம் ஒன்றே ஒன்று, படிக்கட்டுக்கு நேர் எதிரே, எல்லோரும் பார்க்கும்படி. கையைக் காட்டினார். “பின்னால வா... இன்னும்... இன்னும்... லெப்ட் ஒடி... போதும்.”

அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே கேட்ட கார் அது ஒன்றுதான். அம்சவல்லி இறங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். நாலாவது படியில் நின்று திரும்பினாள்.

“ஏங்க, மத்தியானத்துக்கு வீட்டுல ஒண்ணும் ஆக்கல. கேன்டீன்ல சாப்பிட்டுக்குங்க.”

வேன்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். தங்கையா விசிலை வாயில் வைத்து ஊதினார்.