பார்மலினில் ஊறிய பாசி

கடற்பாசி ஆய்வுக்கூடத்தில் அவளைத் தாளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடலிலிருந்து வரும் பாசியைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டித்தாளைச் செருகி, கிளைமேல் கிளை படாமல் ஏந்தி எடுத்து, அந்தத் தாளிலேயே ஒட்டிக் காயவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. படித்து வந்த வேலையல்ல, இருபத்திரண்டு வருடத்தில் கை பழகிக்கொண்டது.

அவள் தம்பி அங்கேயே முக்குளித்துப் பாசி எடுப்பவன். ஒருநாள் சொட்டச் சொட்ட வந்து ஒரு சிவப்புப் பாசியை நீட்டினான்.

"அக்கா, இது புது இனம். பாறைக்கு அடியில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

"போன மாசம் நைலான் கயித்தக்கூட புது இனம்னியே."

"சிரி, சிரி. நுனியப் பாரு, கொக்கி மாதிரி வளையுது. வழக்கம்போல ஊறுகாய் போட்டுடாத."

ஊறுகாய் என்று அவன் சொன்னது பார்மலினை. அழுகாமலிருக்க எல்லாப் பாசியையும் சற்று நேரம் அதில் போட்டெடுப்பது அவள் வழக்கம். தம்பி கொண்டுவந்ததாயிற்றே, கூடுதல் பத்திரமாக இருக்கட்டும் என்று இதை இரண்டு நாள் ஊறவிட்டாள்.

"அலை அடிச்சா சாதாரணப் பாசியும் இப்படி வளையும்மா" என்றார் தாளைப் பார்த்த ஆய்வுக்கூடப் பேராசிரியர். தம்பிக்கு மனசு ஆறவில்லை. அடுத்த மழைக்காலத்தில் முக்குளித்தவன் மேலே வரவேயில்லை.

நான்கு வருடம் கழித்து, டிஎன்ஏ வரிசையைப் படித்து இனம் பிரிக்கும் கருவி வந்தது. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் பாசிகளையும் அது பிரித்துக் காட்டிவிடும். முதல் ஆளாகத் தம்பியின் தாளை எடுத்துப்போய், நகத்துணுக்கு அளவு நுனியை அவளே வெட்டிக் கொடுத்தாள்.

மூன்று முறை முயன்றார்கள். கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணுமே வரலக்கா. இத எதுலயாவது ஊறப்போட்டீங்களா?"

"பார்மலின்ல. ரெண்டு நாள்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அது டிஎன்ஏவ நொறுக்கிடும்க்கா. சும்மா காயவெச்சிருந்தாலே போதும்."

அந்தப் பாறைக்கு மறுபடி ஆள் போய்ப் பார்த்தாயிற்று. மணல் மூடிக் கிடந்தது.

"சாதாரண இனத்துக் கட்டுலயே வெச்சிடும்மா" என்றார் பேராசிரியர்.

"சாதாரணம்தான்னு நமக்குத் தெரியாதே, சார்."

தாளின் மூலையில் இனம் என்ற இடத்தை அவள் காலியாக விட்டாள். குறிப்பு என்ற இடத்தில் பென்சிலால் எழுதினாள்: 'எடுத்தவர் இது வேறு என்றார். பார்மலினில் இட்டது நான்.'

அதன்பிறகு எந்தப் பாசி வந்தாலும், முதலில் ஒரு கிள்ளு கிள்ளித் தனியாகக் காயவைத்த பிறகுதான் அவள் தட்டில் தண்ணீர் ஊற்றுகிறாள்.