மூன்றாவதாக நின்ற பெண்

கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. சீசன் இல்லாத மாதங்களில் மேகம்தான் உள்ளே வந்து ரூம் கேட்கவேண்டும். அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மழைக்காலத்தில்தான் இந்த ஆன்லைன் ஏலப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. உலகத்துப் பழைய சாமானெல்லாம் அங்கே விற்பனைக்குக் கிடந்தன. நான் தேடியது ஒன்றே ஒன்றுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சாமான்.

முதலில் ஒரு எனாமல் கோப்பை வாங்கினேன். தோட்டத்துத் துரை பங்களாவில் இருந்தது என்று விற்றவன் போட்டிருந்தான். வந்து பிரித்தால், அடியில் ஏதோ வடநாட்டு ஊர் ஸ்டிக்கர், பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து, நூறு வருஷப் பழசு என்று ஒரு பித்தளை டீ டப்பா. துடைத்த துணியில் கறுப்புச் சாயம் இறங்கியது, ஷூ பாலிஷ் வாடையோடு. எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கித்தான் விட்டேன். படம் பிடித்து அனுப்பி, புகார் எழுதி, பொருளைத் திருப்பி, கீழே நாலு பேர் படிக்கிற மாதிரி விமர்சனமும் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இத்தனைக்கும் அந்தச் சாமான்கள் எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

அம்மா அங்கே ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இங்கே வந்தாள். இரண்டு அரசாங்கமும் ஆளுக்கு ஒரு நாடு என்று பங்கு போட்டதில் குடும்பத்துக்கு இந்தியா என்றாயிற்று. கல்யாணம் முடித்து வேறு லயத்துக்குப் போயிருந்த அவளுடைய அக்காவுக்கு மட்டும் இலங்கை. புறப்படும் முன் பாஸ்போர்ட்டுக்காகப் போட்டோ பிடித்தார்கள். போகிறவர்களை மட்டும் வரிசையாக உட்காரவைத்துப் பிடித்தார்கள். இருக்கப்போகிறவளுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், அதனால் போட்டோவும் வேண்டாம். அந்த அக்கா, என் பெரியம்மா, கொஞ்ச காலம் கடிதம் எழுதினாள். அங்கே சண்டை வந்தபிறகு அதுவும் நின்றுபோனது. அவளுடைய முகம் எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை.

"மூஞ்சி மறந்துக்கிட்டே வருது புள்ள" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். "நின்னா ஒரு பக்கமா சாஞ்சு நிப்பா. அது ஞாவகம் இருக்கு. மூக்கு எப்படி இருக்கும்னு கேட்டா சொல்லத் தெரியல."

அந்தப் பேச்சு என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கோப்பையும் டப்பாவும் தேடுவதை விட்டுவிட்டுப் போட்டோ தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது. கொழுந்துக் கூடையோடு ஆறு பெண்கள். பின்னால் தேயிலை ஃபேக்டரி, அதற்கும் பின்னால் திமில் மாதிரி ஒரு பாறை. அம்மா வாய்க்கு வாய் சொல்லும் பாறை. 'அசல் பழைய புகைப்படம்' என்று எழுதியிருந்தான். சின்னப் படம், அதன் குறுக்கே விற்கிறவனுடைய முத்திரை வேறு. ஏலம் முடிகிற நேரம் மத்தியானம் மூன்று மணி. ஒரு குடும்பம் பெட்டியோடு முன்னால் நின்று சாவி கேட்கிறது, எவனோ ஒருவன் என்னோடு போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போகிறான். "ஒரு நிமிஷம் சார், சிஸ்டம் ஸ்லோ" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டேன்.

பார்சல் வந்த அன்றே தெரிந்துவிட்டது. போட்டோவே இல்லை அது. கம்ப்யூட்டரில் அச்சடித்த பளபளப்புத் தாள். லாட்ஜில் அடையாள அட்டை பார்க்க வைத்திருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கவுஞ்சி பஸ்ஸில் அதை எடுத்துப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள், கேரட் வேலைக்கும் பூண்டு வேலைக்கும் இன்னும் போகிறாள்.

கண்ணாடி போடு என்றால் கேட்க மாட்டாள். வாசலில் வெயிலைப் பார்த்து நின்று, படத்தைக் கைநீட்டி எட்டப் பிடித்தாள். விரல் மூன்றாவது பெண்ணின்மேல் நின்றது.

"இவ நிக்கிற நிப்பு அக்கா மாதிரியே இருக்கு."

அம்மா படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"இல்ல புள்ள. மாராப்பப் பாரு. சோத்துக்கைப் பக்கத்துத் தோள்ல போட்டிருக்காளுக. எங்க லயத்துல யாரும் அப்படிக் கட்ட மாட்டாக. அது வேற ஆளுக கட்டு. கல்லும் அங்கிட்டுப் போயி நிக்கிது. இது வேற ஏதோ தோட்டம்." தாளை என்னிடம் நீட்டினாள். "வேற யாரு வீட்டுப் பொம்பளையோ. சரி விடு, எனக்குச் சோலி கெடக்கு."

அம்மா உள்ளே போனாள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. போலித் தாளை அனுப்பியதோடு இல்லாமல், என் அம்மாவுக்கு ஒரு நிமிஷம் அக்காவைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டான் என்று தோன்றியது. திங்கட்கிழமை வெள்ளனே லென்ஸை வைத்து, புகாருக்கு வேண்டியதையெல்லாம் படம் பிடித்தேன். அச்சுப் புள்ளிகளை, மடங்கிய மூலையை, வெறும் வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை. காரசாரமாக எழுதினேன். பணம் வந்தது, தாள் திரும்பிப் போனது. விமர்சனமும் போட்டேன், தெம்பாக இருந்தது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்று தோளில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு மாராப்பு வலது தோளில் இருந்தது. முப்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் உறைத்தது. எவனோ பிரதி எடுக்கும்போது நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டிருக்கிறான். இடம் வலமாகியிருக்கிறது. மாராப்பு மட்டுமா, பாறையும் அதனால்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறது. தாளை ஒரு கண்ணாடிக்குமுன் காட்டியிருந்தால் போதும், எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்திருக்கும்.

ஊக்கு விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தேடினேன். விற்றவன் அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டிருந்தான். அவனுக்கு எழுதினேன். இந்தத் தடவை கெஞ்சி எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 'போலி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கிழித்துப் போட்டுவிட்டேன். மூலம் எங்கிருந்து எடுத்தது என்று ஞாபகமில்லை.' பொய்யாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். அவனைத் திட்டத் தெம்பில்லை எனக்கு. அவன் செய்தது ஏமாற்றுதான், ஆனால் படத்தைத் தொலைத்தது நான்.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கைபேசியில் என்னுடைய படம் ஒன்றை இடம் வலமாகத் திருப்பிக் காட்டி, இப்படித்தான்மா ஆகிப்போச்சு என்று விளக்கினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அது எங்க தோட்டந்தானா?"

"ஆமாம்மா."

"அவ அக்காதானா?"

"தெரியலம்மா. இருக்கலாம்."

பூண்டைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மூஞ்சி தெரியல புள்ள. கலங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. மாராப்பப் பாத்ததும் யாரோன்னு குடுத்துட்டேன். நீ லென்சு வச்சுப் பாத்தேன்னு சொன்னியே. எப்படி இருந்தா?"

என் கைபேசியில் அந்தத் தாளின் மூன்று படம் அப்போதும் இருந்தது. புள்ளிகள், மூலை, பின்பக்கம். ஒன்றில்கூட முகம் இல்லை. ஒரு வாரம் அது என் மேசைமேல் கிடந்தது. ஏமாற்று எங்கே இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தேடியவள், அந்தப் பெண்ணை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூக்கு உன்னை மாதிரிதாம்மா" என்றேன்.

அம்மா தன் மூக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.