செத்துச் சிரித்த சௌமினி

பையோளி சௌமினி மொத்தம் எத்தனை படத்தில் செத்தாள் என்று எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எல்லாம் வாய்க்கு வந்த கணக்கு. அவள் செத்த இடத்திலெல்லாம் குடையும் ஃபிளாஸ்க்கும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். விலாசினி, ரயில்வே கேட்டுக்கு அருகில் தையல் கடை. சௌமினியேச்சி, அதாவது சௌமினி அக்கா, எனக்குப் பக்கத்து வீடு. படப்பிடிப்புக்குப் பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று அவள் புருஷன் கப்பலுக்குப் போகுமுன் சொல்லிவிட்டுப் போனதால், தைக்கிற துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நான் கூடப் போவேன். சினிமா பார்க்கும் ஆசையில் போனேன் என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், அதற்கும்தான் போனேன்.

அவள் வாசகசாலை ஆண்டுவிழா நாடகத்திலிருந்து வந்தவள். எங்கள் நாடகத்தில் ஆள் எப்போதும் பற்றாது. அதனால் இடைவேளைக்கு முன்னால் மீன்காரியாக வருவாள், பின்னால் மீசை ஒட்டிக்கொண்டு ஏட்டாக வந்து அதே மீன்காரியைத் தேடுவாள். நாற்காலியிலிருந்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நாடகத்தைப் பார்க்க வந்த சினிமாக்காரர்களோ அவளுடைய நீள முகத்தையும் ஒட்டிய கன்னத்தையும் பார்த்துவிட்டுப் பாம்பு கடித்துச் சாகிற வேலைக்காரி வேஷம் கொடுத்தார்கள். இவள் அதில் அப்படியொரு சாவு செத்தாள். அதோடு தலையெழுத்து முடிவாகிவிட்டது.

நர்ஸ், டீச்சர், தோணிக்காரி, சித்தி, கன்னியாஸ்திரீ என்று என்னென்னவோ வேஷம் போட்டாள். எதுவாக வந்தாலும் கதை பாதி நகர்வதற்குள் இருமத் தொடங்கிவிடுவாள். அப்புறம் சாவுதான். அதிலும் பாருங்கள், ஒரு சாவு மாதிரி இன்னொன்று இருக்காது. நெசவுக்காரன் பெண்டாட்டியாகச் சாகும்போது விரல்கள் அறுந்த நூலைத் தேடிக்கொண்டே நிற்கும். பெரிய வீட்டு அம்மாவாகச் சாகும்போது மேல்முண்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடுவாள். "அவ சாகற மாதிரி இவ சாவாளாடி?" என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்துக்கொள்வாள். பத்திரிகைக்காரன் ஒருவனுக்கும் இது கண்ணில் படவில்லை.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி எடுத்து முடிந்ததும் செத்துக் கிடந்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். பிலிம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரிக்க வேண்டும், அதுதான் முக்கியம். அந்தத் துண்டைப் பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை. திரையில் ஓட்டுகிற பிரதி போட வேண்டாம் என்று கேமராமேன் குறித்து அனுப்பிவிடுவார், சென்னை லேபில் அப்படியே கிடக்கும். சௌமினியேச்சி அழுததை நாடே பார்த்தது. சிரித்ததெல்லாம் டப்பாவுக்குள் போய்விட்டது.

இதில் அவளுக்கு ஒரு பெரிய ரணம் இருந்தது. மகள் பிரஸீதா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஜலஜா டாக்கீஸுக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன். திரையில் அம்மாவை வாழையிலையில் கிடத்தி, சுற்றிலும் தேங்காய் மூடியில் திரி கொளுத்தி வைத்திருப்பதைப் பார்த்துக் குழந்தை போட்ட அலறலில் படத்தையே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு ஓடி வந்து உயிரோடு இருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டும் அழுகை அடங்கவில்லை.

"அம்மா செத்ததும் உடனே சிரிச்சேன் மோளே. அதை அவங்க காட்டலை" என்றாள் சௌமினியேச்சி.

"நீங்க சிரிச்சதை நான் பாக்கலையே" என்றது குழந்தை.

அதற்குப் பிறகு பிரஸீதா அம்மாவின் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. வளர்ந்து வடகரை காலேஜுக்குப் போகத் தொடங்கியும் சுவரொட்டியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். சௌமினியேச்சிக்கு விருது வேண்டாம், பெரிய வேஷம் வேண்டாம். மகள் வந்து உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும். வருகிற டைரக்டரிடமெல்லாம் சாகாத வேஷம் இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது சேச்சி, அடுத்த படத்தில் பார்க்கலாம் என்பார்கள்.

சுதீந்திரன் என்ற பையன் பூனாவில் சினிமா படித்துவிட்டு வந்து முதல் படம் எடுத்தான். அதில் அவளுக்குச் சாகிற வேலைகூட இல்லை. படம் தொடங்கும்போதே செத்துக் கிடக்கிற வேலை. பிறகு மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போட்டோவை நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன், நீங்க வீட்ல இருங்க" என்றேன். அவள் குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

படப்பிடிப்பு மூராட்டில், ஓர் ஆற்றங்கரை வீட்டில். சாவு வீட்டுக்குக் கூட்டம் பற்றவில்லை என்று என்னையும் பிடித்து அழ உட்காரவைத்தார்கள். நான் அழுதது நன்றாகவே வந்தது என்று கேமராமேன் கரீமிக்காவே சொன்னார். ஷாட் முடிந்தது. சுதீந்திரன் கேமராவை மாற்றி வைக்கச் சொன்னான். கரீமிக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் சிரிப்பு எடுக்கலையே."

"அதெல்லாம் மூடநம்பிக்கை இக்கா. பிலிம் என்ன சும்மாவா வருது?"

"மோனே, உன் வயசைவிட என் கேமராவுக்கு வயசு ஜாஸ்தி. அந்தப் பொம்பளை சிரிக்காம இந்தக் கேமரா நகராது. வேணும்னா நீயே தூக்கி வெச்சுக்கோ."

லைட் பையன்கள், சமையல்காரர், வேன் டிரைவர் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். சரி, சீக்கிரம் சிரித்துத் தொலைக்கட்டும் என்று டைரக்டர் கையைக் காட்டினான். கேமரா ஓடியது.

சௌமினியேச்சி சிரிக்கவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு வாழையிலையில் எழுந்து உட்கார்ந்து, மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி விலாசினி, போதும் நிறுத்து. என் புட்டுக்குடத்தை வாங்கிட்டுப் போயி எத்தனை ஓணம் போச்சு? அதைத் திருப்பித் தர வழியில்லை, ஒப்பாரி மட்டும் ஊருக்கே கேக்குது."

 அவள் என்னை விட்டுவிட்டு, துக்கத்துக்கு வந்தவராக நடித்த தாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "நம்பியாரே, நீங்க எதுக்கு அடுக்களையையே பாத்துக்கிட்டிருக்கீங்க? பிணம் இன்னும் வாசலைத் தாண்டலை, அதுக்குள்ள கஞ்சியா?" அப்புறம் மகளாக நடித்த கதாநாயகி. "மோளே, நல்லா அழு. ஆனா மூக்கை அதுல துடைக்காதே, அது எனக்குப் போட்ட கோடித்துணி. உசிரோட இருந்தப்ப ஒரு துணி எடுத்துக் குடுத்தியா நீ?" கடைசியாகத் தேங்காய் மூடியில் ஒன்றை எடுத்து, திரியை ஊதி அணைத்து, முகர்ந்து பார்த்தாள். "நல்ல தேங்கா. மீன்குழம்புக்கு ஆகும்" என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி படுத்து, துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். துணிக்கு வெளியே முகத்தை மட்டும் நீட்டிக் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நாடக மேடையில் நான் பார்த்த அதே சௌமினி.

யாரும் நிற்கவில்லை, எல்லோரும் விழுந்து கிடந்தார்கள். கரீமிக்கா கேமராவைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். சிக்கல் அதற்குப் பிறகுதான். அடுத்த ஷாட்டில் கதாநாயகி அழ வேண்டும், பிணத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முகம் கழுவி வந்தாள், மறுபடி சிரித்தாள். கிளிசரின் போட்டார்கள், கண்ணீரோடு சிரித்தாள். வெயில் போய்விட்டது. சுதீந்திரன் முகம் கறுத்து வந்தான்.

"இது சாவு வீடு சேச்சி, சர்க்கஸ் இல்லை. நீங்க இனிமே வர வேணாம். போட்டோவை வெச்சு மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நான் சண்டைக்குப் போனேன். சௌமினியேச்சிதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு டைரக்டரிடம் வாயாடி என்று பேர் எடுத்தால் மற்றவர்களும் கூப்பிடமாட்டார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும். பஸ் பாலம் தாண்டியது.

"இவ்வளவு காலமும் சிரிச்சதை யாரும் பாக்கலை. இன்னிக்குப் பத்துப் பேராவது பாத்தாங்க" என்றாள் பிறகு. சற்றுக் கழித்து, "பிரஸீதா பாத்திருக்கணும்டி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, இந்த முறை நிஜமாகவே. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புட்டுக்குடத்தைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த வாரமே கரீமிக்காவின் ஸ்கூட்டர் என் கடை வாசலில் வந்து நின்றது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே பேசினார், ஒரு வாய் குடிக்கவில்லை.

"விலாசினி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். சிரிச்ச சிரிப்புல அந்தத் துண்டுக்குப் பிரதி வேணாம்னு குறிக்க மறந்துட்டேன். லேப்காரன் அதையும் பிரதி போட்டு அனுப்பிட்டான். நேத்து கோழிக்கோட்டுல போட்டுப் பாக்கறோம், வறீது முதலாளி முன்வரிசையில உக்காந்திருக்கார்."

வறீது முதலாளிதான் அந்தப் படத்தை வாங்கி வெளியிடுகிறவர். திருச்சூர்க்காரர். சிரித்தால் பணம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

"இவ எழுந்து உக்காந்தா பாரு, அதுவும் சத்தமே இல்லாத துண்டு. வாய் மட்டும்தான் அசையுது. என்ன பேசறான்னு ஒரு எழவும் தெரியலை. முதலாளி சிரிக்கிறார், சிரிக்கிறார், வெத்தலைப் பெட்டி மடியிலிருந்து விழுந்தது கூடத் தெரியலை. இன்னொரு தடவை போடுங்கறார். மூணாவது தடவை நம்ம பூனாக்காரனும் சிரிச்சுட்டான்."

"சிரிச்சு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க இக்கா."

"கதையையே மாத்தறான்."

மறுநாள் சுதீந்திரன் தானே வந்தான். திட்டிய வாய் எப்படிப் பேசும் என்று பார்க்க நானும் வேலியோரம் நின்றேன். நன்றாகத்தான் பேசினான். "சேச்சி, அம்மா சாகட்டும், அது இருக்கட்டும். ஆனா நீங்க வாயை மூட வேணாம்" என்றான். கதையில் மகள் தப்பான இடத்தில் கால் வைக்கும்போதெல்லாம் செத்த அம்மா எழுந்து உட்கார்ந்து வைய வேண்டும். படம் முழுக்க வர வேண்டும். சௌமினியேச்சி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சர்க்கரை போடாமல் அவனுக்குக் காப்பி கொடுத்தாள், அவனும் குடித்துவிட்டுப் போனான்.

சென்னையில் குரல் பதியும்போது அன்றைக்குப் பேசினதில் பாதி அவளுக்கே மறந்துபோயிருந்தது. நான்தான் வரி வரியாக எடுத்துக் கொடுத்தேன். புட்டுக்குடத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், கரீமிக்கா விடவில்லை.

படம் வெளிவந்த அன்று ஜலஜா டாக்கீஸ் வாசலில் செண்டை மேளம் வைத்துவிட்டார்கள். சௌமினியேச்சி மூன்று முறை புடவை மாற்றினாள். பிரஸீதாவைக் கூட்டிவர அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செத்துக் கிடப்பது முதலிலேயே வந்துவிடும், உடனே எழுந்துவிடுவேன் என்று குருவாயூரப்பன் மேல் சத்தியம் செய்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. படத்தின் கடைசியில், மகள் சொந்தக் காலில் நின்றுவிட்டதைப் பார்த்த பிறகு, அம்மா மறுபடி இலையில் படுத்துக்கொள்வாள். அப்புறம் எழுந்திருக்கமாட்டாள். அதற்கு முன்னால் கூட்ட நெரிசலைச் சாக்குச் சொல்லிப் பெண்ணை வெளியே கூட்டிவந்துவிடுவது என்று நாங்கள் இருவரும் பேசிவைத்திருந்தோம்.

பிரஸீதா எங்கள் நடுவில், எந்த நேரமும் ஓடத் தயாராகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தேங்காய் மூடி விளக்குகள் திரையில் வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "ஏண்டி விலாசினி" என்று குரல் கேட்டது. கொட்டகை அதிர்ந்தது. பையோளி மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "குடத்தைக் குடுத்தாச்சா?" என்று கத்தினான். குடுத்தாச்சுடா என்று எழுந்து நின்று பதில் சொன்னேன். அந்தக் கூச்சலில் பிரஸீதா கண்ணைத் திறந்தாள். நம்பியாருக்குக் கஞ்சி வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோடித்துணி வந்தபோது அடக்க முடியவில்லை. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சௌமினியேச்சி திரையைப் பார்க்கவே இல்லை. படம் முழுக்க மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கடைசி ரீல் வந்தது. 

"பிரஸீ, வா போலாம். அப்புறம் கேட்டுல நெரிசலாயிடும்" என்று கையைப் பிடித்தேன்.

"படம் முடியலையே. நீங்க போங்க."

"எனக்குத் தலை வலிக்குது மோளே" என்றாள் சௌமினியேச்சி.

"இதோ முடியப்போகுதும்மா."

திரையில் அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பிலிருந்த தேங்காய் மூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வையவில்லை. இலையில் படுத்தாள், மேல்முண்டைச் சரிசெய்தாள், துணியைத் தானே முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். அத்தனை நேரம் கும்மாளம் போட்ட கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. முன்வரிசையில் யாரோ பெண்கள் விசும்பினார்கள். நான் பிரஸீதாவின் வாயைப் பொத்தக் கையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அலறவில்லை. கன்னத்தில் நீர் ஓட, திரையை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா, இப்பச் சிரிங்க" என்றாள். "நான் பாக்கறேன்."

எத்தனையோ தடவை செத்து எழுந்து சொன்னவுடன் சிரித்தவளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் கோணியது, மூக்கை உறிஞ்சினாள், முகத்தை முந்தானையால் துடைத்தாள். விளக்குப் போட்டுவிட்டார்கள், ஜனங்கள் எழுந்து அவளைப் பார்க்க நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பிரஸீதா நகராமல் அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சௌமினியேச்சி சிரித்தாள்.