மோப்பம் மேடம் நடத்திய சோதனை

கல்லூரியில் அவருக்கு மோப்பம் மேடம் என்று பெயர். யாராவது பாராட்டினால், எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். "சமையல் நல்லா இருக்குன்னு சொன்னேன். மத்தியானம் எங்க சாப்பிட்டீங்கன்னு கேக்கறா" என்பார் கணவர்.

வேதியியல் ஆய்வகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்றாமாண்டு மாணவர்களைப் பழக்குவது அவர் வேலை. பயிற்சியின் உயிர்நாடி ஒன்றே: விடையைச் சொல்லாதே, கேள்வியைத் திருப்பிக் கேள். இதனால் பலன் உண்டா என்று அவரே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பலன் இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார்.

பிரமாதமான பலன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுதான் மேடத்தை உறுத்தியது. பின்வரிசையில் போய் உட்கார்ந்தால், பயிற்சி பெற்ற மாணவி தேனொழுகப் பேசினாள். ஆளைப் பார்த்துப் போடும் வேஷம் என்று தோன்றியது. மறுநாள் யாரிடமும் மூச்சுவிடாமல், ஆய்வகத்தை ஒட்டிய பொருள் அறையில் குடுவை அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அக்கா, நிறம் மாறவே இல்ல."

"ஏன் மாறல? நீ என்ன நினைக்கிற?"

அச்சுப் பிசகாமல் அதே மாணவி, அதே பேச்சு. மேடத்துக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"ஐயோ அக்கா! கையில ஆசிட் பட்டுடுச்சு!"

"சரி... இப்ப என்ன செய்யணும்னு நினைக்கிற?"

மேடம் பாய்ந்து வந்து அந்தப் பையனின் கையைக் குழாயடியில் பிடித்தார். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று.

"தண்ணியில காட்டுன்னு சொல்ல வாய் வரலையா உனக்கு?"

மாணவி அழத் தொடங்கினாள். "விடை சொன்னா நான் தேறலன்னு போட்டுடுவீங்களே மேடம்."

"நான் உள்ள இருக்கேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க எப்பவும் எங்கயாவது நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பீங்கன்னு நாங்களே நினைச்சுப்போம். எல்லாரும்தான்."

அப்படியானால் இத்தனை நாள் அவர் கண்டது எதுவும் பிள்ளைகளுக்காக நடந்த பாடமே இல்லை.

மாலையில் முதல்வரிடம் போனார். "பயிற்சியில ஓட்டை இருக்கு சார். எப்ப கேள்வி கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லிக்குடுக்கவே இல்ல. அதைச் சேர்த்துடறேன். ஆனா மதிப்பிடறதுக்கு நான் வேண்டாம். இவங்க பயப்படாத ஆளா பாருங்க."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க. உண்மையைச் சொல்லுங்கம்மா, வேற எங்கயாவது வேலை கிடைச்சிருச்சா?"

"இல்ல சார்."

முதல்வர் நம்பவில்லை. இன்னும் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம் என்றார், இவள் எதையோ மறைக்கிறாள் என்ற முகத்தோடு.