தம்பியின் கால்வலி

நாடு சுதந்திரம் அடைந்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருந்தன. மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய், காவிரியில் குளித்து, பெருமாளைச் சேவித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அதுவரை நான் ரயில் ஏறியதே இல்லை.

வெள்ளிக்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் அடித்து இறங்கியது. மறுநாள் காலை, "அக்கா, காலெல்லாம் வலிக்கறது" என்று சிணுங்கினான். அம்மா காதில் விழுந்தால் பயணம் நின்றுவிடும்.

"அம்மாகிட்ட சொல்லாதே. நான் சரி பண்ணிடறேன்" என்றேன்.

வலியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஓடி விளையாடினால் வரும், தேய்த்தால் போகும். கொல்லைக்கு அழைத்துப்போய், நல்லெண்ணெய் தடவி, அவன் ஆடுசதையைப் பலமெல்லாம் கூட்டி அழுத்தித் தேய்த்தேன். அவன் கண்ணில் நீர் முட்டியது, சத்தம் போடவில்லை. பிடிப்பு விடட்டும் என்று கிணற்றைச் சுற்றிப் பத்துத் தடவை ஓடவும் வைத்தேன்.

போனோம். ஜன்னலோரம் எனக்கே கிடைத்தது. படித்துறையில் தம்பி இரண்டு தடவை தடுக்கி விழுந்தான். "பார்த்து நடடா" என்று அப்பா சிரித்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

டாக்டர் கன்னடக்காரர், எங்களோடு தமிழும் கன்னடமுமாகக் கலந்துகட்டிப் பேசுவார். "இளம்பிள்ளை வாதம் அம்மா. எண்ணெய் பேடா, தேய்க்கவே கூடாது. நடக்கவும் விடாதீங்க. கம்பளியை வெந்நீர்ல நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, காலைச் சுத்தி வைங்க" என்றவர், "காய்ச்சல் விட்டப்புறம் ஓடியாடினானா?" என்று கேட்டார்.

"இல்லையே, சாதுவாத்தான் இருந்தான்" என்றாள் அம்மா. தம்பி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். நான் கம்பளி தேட உள்ளே போனேன்.

ஒத்தட வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்பளி ஆற ஆற மாற்றுவேன். தொட்டாலே துடித்துப்போவான். பக்கத்து வீட்டாரிடமெல்லாம் அம்மா என் பாசத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டாள்; அந்தப் பேச்சு வந்தாலே நான் வெந்நீர் எடுக்கப் போய்விடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், கம்பளியை எடுத்துவிட்டு ஆடுசதையைத் தயங்கித் தொட்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. லேசாக அழுத்தினேன்.

"வலிக்கலை அக்கா."

சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அவனுக்கு வலி போயிடுத்து!"

அம்மா கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள். "எங்கே கண்ணா, காலை மடக்கு" என்றாள். தம்பி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மடக்கப் பார்த்தும் அது அசையாமல் அப்படியே கிடந்தது. அம்மா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வலி விட்டதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.